நெக்ஸ்ட்கிளவுடில் விலைப்பட்டியல்: ஒன்றரை வருடம் பயன்படுத்திய பிறகு

எங்கள் அலுவலகத்தில் 'விலை_இறுதி_புதியது_2' என்று ஒரு கோப்பு இருந்தது. அதற்கு முந்தைய இரண்டின் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். உதிரிபாக மொத்த விற்பனை, சுமார் 4,000 வரிகள். எட்டுப் பேர் பார்ப்பார்கள், மூன்று பேர் மாற்றுவார்கள். கணக்கு பார்ப்பது நான் என்பதால், எது உண்மையான கோப்பு என்று தேடுகிற வேலையும் என் தலையில்தான்.

அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது நான் செய்த ஒரு தவறு. வாடிக்கையாளர் ஒருவருக்குப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பினேன். கொள்முதல் விலை இருந்த நெடுவரிசையை மறைத்துவிட்டுத்தான் அனுப்பினேன். மறைத்ததைத் திறக்க இரண்டு கிளிக் போதும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த பேரத்தில் எங்கள் லாபத்தை அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

அப்புறம்தான் சொந்த சர்வரில் நெக்ஸ்ட்கிளவுடும் கொலாபோரா ஆன்லைனும் வந்தன. முன்னது கோப்புகளை வைத்திருக்கும், பின்னது அவற்றை உலாவியில் திறந்து திருத்தவிடும். கொலாபோராவுக்குள் ஓடுவது லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள். கணக்கீடு எல்லாம் சர்வரில் நடக்கிறது, நம் திரைக்கு வருவது பெரும்பாலும் அங்கே வரைந்து அனுப்பப்படும் படத்துண்டுகள். அதனால் கிடங்கில் இருக்கும் பழைய கணினியிலும் பட்டியல் சிரமமில்லாமல் திறக்கிறது. ஆனால் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். இணையம் மந்தமான நாளில் விரல் முன்னே போகும், எழுத்து பின்னால் வரும். சர்வரில் நினைவகத்தைத் தாராளமாகப் போடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மூன்று பேர் ஒரே நேரத்தில் திருத்துவது சுலபமாகவே நடக்கிறது. யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்று நிறத்தோடு தெரியும். இருவர் ஒரே கட்டத்தில் கைவைத்தால் கடைசியாக என்டர் தட்டியவர் எழுதியதுதான் நிற்கும். முதல் வாரத்தில் எங்களுக்குள் சின்னச் சண்டை வந்தது இதனால்தான். பொருள் வகைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம், சரியாகிவிட்டது.

வெளியாட்களுக்கு இணைப்பு தரும்போது கடவுச்சொல், காலாவதித் தேதி, பதிவிறக்கப் பொத்தானை மறைப்பது என மூன்றும் உண்டு. இருந்தாலும் சூடுபட்ட பூனை நான். விற்பனை விலை மட்டும் உள்ள தனிக் கோப்புதான் வெளியே போகிறது, அதிலும் சூத்திரங்களை எடுத்துவிட்டு வெறும் மதிப்புகள்.

ஒரு கட்டத்தை யார் மாற்றியது, முன்பு என்ன எண் இருந்தது என்று அந்தக் கட்டத்திலேயே கேட்க கூகுள் ஷீட்ஸில் வசதி இருக்கிறது. எக்செல்லின் இணையப் பதிப்பும் 60 நாள் வரையிலான மாற்றங்களைக் காட்டும். இங்கே எங்களுக்குக் கிடைப்பது முழுக் கோப்பின் பழைய பதிப்புகள்தான். சந்தேகம் வந்தால் இரண்டையும் திறந்து வைத்துக் கண்ணால் ஒப்பிட வேண்டும். கணக்குக்காரருக்கு இது பெரிய குறை, மதிப்பெண் கொடுத்தால் இதற்கே பத்தில் இரண்டைக் குறைப்பேன்.

அந்தப் பழைய பதிப்புகளும் எல்லாம் அப்படியே தங்காது. இயல்பான அமைப்பில் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 24 மணி நேரம் வரை மணிக்கொன்று, 30 நாள் வரை நாளுக்கொன்று, அதன் பிறகு வாரத்துக்கொன்று என்று வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். பதிப்புக்குப் பெயர் வைத்தால் அதைத் தொடாது. மாத இறுதிப் பதிப்புக்கு உடனே பெயர் வைத்துவிடுகிறேன்.

எக்செல் மேக்ரோக்களை, அதாவது கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் சிறு நிரல்களை, இங்கே கொண்டுவர நினைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். கொலாபோராவில் மேக்ரோ இயக்கம் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும், பாதுகாப்புக்காக என்பதால் நியாயமானதுதான். எங்கள் பில் மேக்ரோ கோப்பு இன்னும் என் கணினியில் தனியாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஒத்திசைவுக் கோப்புறை (சர்வரில் உள்ள கோப்புகளின் பிரதியை நம் கணினியில் வைத்திருப்பது) வழியாக ஒருவர் டெஸ்க்டாப் எக்செல்லிலும், மற்றவர் உலாவியிலும் ஒரே கோப்பைத் திறந்தால், 'முரண்பட்ட பிரதி' என்று புதிதாக ஒன்று முளைக்கும். எங்களிடம் இரண்டு முறை முளைத்தது, இரண்டு முறையும் தவறு எங்களுடையது. இப்போது விலைப்பட்டியலை உலாவியில் மட்டுமே திறப்பது என்று வைத்திருக்கிறோம். முதலாளி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, எக்செல்லில்தான் திறப்பேன் என்கிறார். அவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறேன்.