ஆறில்லா ஊரில் கயாக் வாடகை: மண்டைதீவுக் கரையில் இரண்டு காலைகள்

நல்லூர்க் கந்தன் திருவிழாக் கொடியேற்றத்துக்கு நான்கு நாள்கள் முன்னதாக யாழ்ப்பாணத்துக்கு, எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ரொறன்ரோவில் கோடை காலத்து வார இறுதிகளில் ஹம்பர் ஆற்றில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டும் பழக்கம் என் மகளுக்கு உண்டு. வழிகாட்டி யாரும் கூட வராமல், படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தன்பாட்டில் போய்த் தன்பாட்டில் திரும்பி வருவதுதான் அவளுக்குப் பிடித்தது. “உங்கட ஊரில ஆறு எங்கயப்பா?” என்று விமானத்திலேயே கேட்டுவிட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தப் பயணத்தின் இரண்டு காலைகள் தண்ணீரில் கழிந்தன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம் மழைநீரை உறிஞ்சிக் கிணறுகளுக்குக் கொடுத்துவிடுகிறது. வழுக்கையாறு என்று நாம் சொல்வது மாரியில் வெள்ளத்தைக் கொண்டுபோய் அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விடும் வாய்க்கால். ஆடி மாதத்தில் அதில் மாடு மேயும். தொண்டைமானாற்றுக்குப் பெயரில் ஆறு இருந்தாலும் அதுவும் ஒரு கடல்நீரேரிதான். கனகராயன் ஆற்று நீரைத் திருப்பி, அந்த நீரேரியையும் உப்பாற்றையும் நன்னீர்த் தேக்கங்களாக்கி, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆற்றை உண்டாக்கலாம் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954-இல் முன்வைத்த திட்டம் இன்றுவரை முழுமையாக நிறைவேறவில்லை. ஆகவே நகரத்தை ஒட்டிப் படகு ஓட்ட வேண்டுமானால் பண்ணை என்ற இடத்துக்கு அப்பால் விரிந்து கிடக்கும் நீரேரியைத் தவிர வேறு வழி இல்லை என்று மகளுக்கு விளக்கினேன். “அது கடல் தானே?” என்றாள். அரைவாசிக் கடல் என்று சொல்லி வைத்தேன்.

நீரேரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மண்டைதீவுக் கரையில் கயாக் வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்று மச்சான் விசாரித்துச் சொன்னார். வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிய பத்து நிமிடத்துக்குள் பதில் வந்தது. இருவர் அமரும் படகு மணிக்கு 1,500 ரூபா என்றும், காலை எட்டு மணிக்கு வந்தால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள். நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் ஓட்டோவில் கால் மணி நேரப் பயணம். கரைக்குப் போனதும் 1,500 ரூபா 2,000 ஆகியிருந்தது. உயிர்காப்பு அங்கிக்கு வேறாகக் காசு என்று அங்கிருந்த இளைஞர் விளக்கம் சொன்னார். அங்கி இல்லாமல் படகை மட்டும் எடுத்துப் போகலாம் என்பதுதான் இதன் பொருளா என்று நான் கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, “இல்லையண்ணை, எல்லாரும் போட வேணும்” என்றார். தொகை பெரிதல்ல. ஆனால் பாதுகாப்புப் பொருளைத் தனிக் கணக்கில் எழுதினால், சிக்கனம் பார்ப்பவர் முதலில் வெட்டுவது அதைத்தான் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

படகுகளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மேலே அமர்ந்து ஓட்டும் வகைப் பிளாஸ்டிக் படகுகள். வெயிலில் நிறம் மங்கியிருந்தாலும் வெடிப்போ ஒட்டுப்போட்ட இடமோ தெரியவில்லை. வடிகால் துளைகள் திறந்திருந்ததால் இருக்கையில் எப்போதும் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது; இத்தகைய படகில் அது இயல்பே. அங்கிகள்தான் என்னை உறுத்தின. எனக்குத் தந்ததில் மூன்று கொக்கிகளில் ஒன்று உடைந்து, அந்த இடத்தில் பச்சை நைலோன் கயிறு முடிச்சிட்டிருந்தது. எங்களுக்கு முன்னால் வந்திருந்த குடும்பத்தின் எட்டு வயதுப் பையனுக்குப் பெரியவர்களின் அங்கியைப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் அங்கி அவன் காதுவரை ஏறியது. தண்ணீரில் விழுந்தால் அங்கி மேலேயும் பிள்ளை கீழேயும் போகும். கனடாவில் படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவுக்கேற்ற அங்கியும், ஒலி எழுப்ப விசில் போன்ற ஏதாவதொன்றும் இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே விசில் என்ற பேச்சே எழவில்லை. மகள் தன் அங்கியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு செம்மஞ்சள் விசில் தொங்கியது.

இளைஞர் ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்து என் பெயர், தொலைபேசி எண், புறப்படும் நேரம் ஆகிய மூன்றையும் எழுதினார். திரும்பும் நேரத்துக்கு அதில் கோடே இல்லை. பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்: “அண்ணை முன்னம் இந்தக் கடல்ல போயிருக்கிறியளோ?” ஒருக்கா என்றேன். அது போர்க்காலத்தில், 1993-இல் கிளாலியில், நிலவில்லாத இரவொன்றில், இயந்திரப் படகு முன்னால் இழுக்க, பின்னால் கோத்துக் கட்டிய படகுகளில் ஒன்றில் ஒரு பயணப் பையை மடியில் வைத்துக்கொண்டு இதே நீரேரியின் மறு கோடியைக் கடந்தது. அதை அவருக்குச் சொல்லவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டியது நீந்தத் தெரியுமா என்பதை. சொல்லியிருக்க வேண்டியது காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை. இரண்டும் நடக்காமலே படகைத் தள்ளிவிட்டார்.

எங்கே போவது என்று கேட்டதற்குக் கையை நீட்டி, “நேரே கோட்டை தெரியுது பாருங்கோ, அங்கால போங்கோ, வடிவாய் இருக்கும்” என்றார். வடிவாய்த்தான் இருந்தது. பண்ணை அணை வீதியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நகரத்தை நோக்கிப் போனபோது துடுப்புக்கு வேலையே இல்லாததுபோல் படகு வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுதான்; அடியில் சாதாளை என்ற கடற்புல் தலை சாய்த்து ஒரே பக்கமாய்ப் படுத்திருப்பது தெரிந்தது. 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து ஐங்கோணமாய்ப் பெருப்பித்த கோட்டையின் மதிலை வீதியிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நீர்மட்டத்திலிருந்து பார்க்கும்போதுதான் அது எவ்வளவு தாழ்வாகவும் நீளமாகவும் கிடக்கிறது என்பது புரிந்தது. நாற்பது நிமிடத்தில் அங்கே போய்ச் சேர்ந்தோம். எங்கள் திறமை என்று நினைத்துக்கொண்டோம்.

திரும்பியபோதுதான் அது சோளகத்தின் திறமை என்று விளங்கியது. வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும்வரை தென்மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்று காலையில் மெல்ல எழும்பி, வெயில் ஏற ஏறப் பலக்கும். புலம்பெயர்ந்தவர்கள் பிள்ளைகளின் விடுமுறைக்கும் நல்லூருக்குமாக ஊருக்கு வரும் மாதங்களும் இவைதான். மண்டைதீவிலிருந்து கோட்டைப் பக்கம் போவதென்றால் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போவது. திரும்புவதென்றால் முகத்தில் வாங்குவது. ஒன்பதரை மணிக்கெல்லாம் நீர்ப்பரப்பு முழுவதும் வெள்ளை நுரை கட்டத் தொடங்கியிருந்தது. துடுப்பை நிறுத்தினால் படகு நகரக் கரையில் உள்ள குருநகர்ப் பக்கம் ஒதுங்கியது. பத்து முறை வலித்தால் இரண்டு பாகம் முன்னேறினோம். மகள் முன்னால் இருந்து, “அப்பா, அணைக்குக் கிட்டப் போவம்” என்றாள். அது நல்ல யோசனை. அணை வீதியின் கற்கட்டு உயரமானதல்ல என்றாலும் அதன் ஓரமாக அலை அடங்கியிருந்தது. அங்கே இறங்கி, படகின் முன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் இழுத்து நடந்தேன். சேறு செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டது; ஊரிச் சிப்பி பாதத்தில் இரண்டு இடங்களில் வெட்டியது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு கரையேறியபோது இளைஞர் கொப்பியைப் பார்த்து மேலதிக நேரத்துக்குக் காசு கேட்டார்.

கொடுத்தேன். ஆனால் அந்தப் பேரத்தைப் பார்த்துக்கொண்டு, கரையில் ஒரு வேப்பமர நிழலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்த எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “தம்பி, உங்களை ஆர் எட்டு மணிக்குக் கோட்டைப் பக்கம் விட்டது? விடியப்புறம் ஆறு மணிக்கு வாங்கோ. முதல்ல காத்துக்கு எதிர்ப்பக்கமாப் போங்கோ. வரேக்க காத்து உங்களைக் கொண்டுவந்து விடும். இது பரவைக் கடல், தாழமாட்டியள், ஆனா கொண்டு போயிடும்.” காதில் இருந்த பீடியை எடுக்காமலே நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, எங்கெங்கே என்ன இருக்கிறது என்று மணலில் தன் வலை ஊசியால் கீறிக் காட்டினார்: இந்தப் பக்கம் சிறகு வலைத் தடிகள், இங்கே நண்டு வலை, அந்தக் கண்ணாப் பற்றைக்குப் பின்னால் கடலட்டைப் பண்ணை. நான் கைபேசியில் அந்த மணலைப் படம் எடுத்துக்கொண்டேன். அந்தக் கரையில் எனக்குக் கிடைத்த ஒரே வரைபடம் அதுதான்.

ஒரு நாள் விட்டு மறுநாள் விடியற்காலை போனோம். இளைஞர் தூக்கக் கலக்கத்தோடு வந்து படகைத் தந்தார். நேரத்துக்கு வந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இம்முறை தீவின் ஓரமாகத் தென்மேற்கே போனோம். கண்ணா என்ற அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் வற்றிய சேற்றில் பென்சில்களை நட்டு வைத்ததுபோல் நின்றன. நண்டு வலைகளின் அடையாளமாக மிதந்த ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பிளாஸ்டிக்) துண்டுகளைக் கண்டதும் சுற்றிப் போனோம். ஒன்றை மகள் கவனிக்கவில்லை. துடுப்பின் அலகு கயிற்றில் மாட்டி, படகு நின்ற இடத்திலேயே திரும்பியது. கயிற்றை மெல்ல நீருக்கடியில் தள்ளி விடுவித்தோம். தெரியாத ஒருவர் அதை வெட்டி விடுவித்திருந்தால் யாரோ ஒருவருடைய அன்றைய உழைப்பு போயிருக்கும். கடலட்டைப் பண்ணையின் தடிகள் நீருக்கு மேல் ஒரு சாண்தான் தெரிந்தன. தடிகளின் நடுவே கால்களில் நின்ற காவல் குடிலில் இருந்து ஒருவர் எழுந்து, வெளியால் சுற்றிப் போகும்படி துவாயை வீசிக் காட்டினார். நாங்கள் கையசைத்துவிட்டுச் சுற்றினோம்.

ஹம்பரில் தன்பாட்டில் ஓட்டுவதென்றால் இரு கரைக்கும் நடுவே போவது. வழி தவறவே இடமில்லை. இங்கே கரை தூரத்தில் இருக்கிறது. நீர் திறந்த வெளியாய்த் தெரிந்தாலும் வேலியில்லாத தோட்டம்போல் துண்டு துண்டாய் ஒவ்வொருவருடையது. ஆகவே வழிகாட்டி இல்லாமல் படகைக் கொடுக்கிறவர்கள் வழியையாவது கொடுத்தனுப்ப வேண்டும். மட்டையில் ஒட்டிய ஒரு தாளில், பெரியவர் மணலில் கீறியதை அப்படியே வரைந்து, சோளகத்துக்கு ஓர் அம்புக்குறியும், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியும் போட்டால் போதும். அதற்குச் செலவும் இல்லை. பெரியவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தால் அவரே கீறித் தருவார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடை மாற்றத் தகரத்தால் அடைத்த ஓர் அறை இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. கால் கழுவக் கிணற்று நீர் உண்டு, சற்று உவர். காசு மட்டுந்தான் வாங்குகிறார்கள், பற்றுச்சீட்டு இல்லை. கைபேசியைப் பொலித்தீன் பையில் போட்டுத் தருகிறார்கள். அந்தப் பையை நம்பாமல் நீங்களே ஒன்று கொண்டு போங்கள். பட்டி உள்ள இறப்பர்ச் செருப்பு, நீள்கை மேற்சட்டை, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் கட்டாயம். ஆபத்தென்றால் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். கரையில் அந்த எண்ணை எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. மாரி முடிந்து தை, மாசியில் வரக்கூடியவர்கள் வந்தால் சோளகத்தின் தொல்லை இராது, பூநாரைகளையும் காணலாம்.

இரண்டாம் நாள் ஏழே முக்காலுக்குத் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, காற்றின் போக்கிலேயே கரைக்கு வந்தோம். கரையில் ஒரு தந்தையும் சிறு பெண்ணும் காத்திருந்தார்கள். பிள்ளையின் தோளில் அதே பெரிய அங்கி. மகள் தன்னுடைய விசிலைக் கழற்றி அந்த அங்கியின் கயிற்றில் கட்டிவிட்டு, ஊதிப் பார்க்கச் சொன்னாள். சத்தம் கேட்டு வேப்பமரத்தடியில் இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். இளைஞர் கொப்பியைத் திறந்து, அந்தப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் “விசில் 1, திருப்பித் தர வேண்டும்” என்று எழுதினார்.