ஆன்லைனில் மருந்து வாங்கினால் ஆப்பை விடுங்கள், பில்லைப் பாருங்கள்

சுகர், பிரஷர், தைராய்டு என்று மாதாமாதம் ஆன்லைனில் மாத்திரை தருவிக்கும் வீடுகள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஏராளம். வருடக்கணக்கில் வாங்கிப் பழகியவர்கள் ஸ்டார் ரேட்டிங்கையோ தள்ளுபடியையோ பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பார்சலைப் பிரித்ததும் முதலில் பில்லைத்தான் கையில் எடுப்பார்கள்.

காரணம் இருக்கிறது. பெரும்பாலும் ஆப் ஒருவருடையது, மருந்தை விற்பவர் வேறொருவர். போன மாதம் கோவையில் ஒரு கடை அனுப்பியிருக்கும், இந்த மாதம் பெங்களூர் குடோனிலிருந்து வரும். அதனால் "அந்த ஆப் நல்ல ஆப்புங்க" என்று சொன்னால் அது பாதிதான் சரி. ஆன்லைன் மருந்து விற்பனைக்கென்று தனி விதி கொண்டுவர 2018-ல் வரைவு வந்தது. வருடக்கணக்கில் வரைவாகவே கிடந்தது. ஆகவே 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்படி கடைக்குக் கொடுத்த உரிமம்தான் நமக்குப் பிடி.

பில்லில் கடையின் பெயர், முகவரி, உரிம எண், ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் நம்பர் (ஒரே தடவையில் தயாரான தொகுதிக்கான எண்), எக்ஸ்பயரி வேண்டும். சில்லறைக் கடைக்கான உரிமம் படிவம் 20, 21. இன்சுலின் மாதிரியான மருந்துகளுக்கு 21 இல்லாமல் ஆகாது. 20பி, 21பி என்று போட்டிருந்தால் அது மொத்த வியாபார உரிமம், வீட்டுக்கு அட்டைக் கணக்கில் விற்பதற்கு அல்ல. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29, டெல்லி 07. கோவை அவிநாசி ரோடு முகவரி போட்டு எண் 07-ல் தொடங்கினால் அங்கேயே நின்று கேளுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணை அடித்தால் பதிவான பெயர் வந்துவிடும். அரை நிமிட வேலை.

அடுத்தது அட்டை. ஓரத்தில் அச்சடித்த அல்லது அழுத்திய பேட்ச் நம்பரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். பில்லோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துவர வேண்டும். அதிகம் கண்ணில் படும் கோளாறு இதுதான்: மூன்று அட்டை கேட்டால் இரண்டு ஒரு பேட்ச், ஒன்று வேறு பேட்ச், பில்லிலோ ஒரே எண். பெரும்பாலும் எடுத்து வைப்பவரின் அவசரம்தான். ஆனாலும் விட்டுவிடக் கூடாது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் தரமற்ற மருந்துப் பட்டியல் பேட்ச் வாரியாகத்தான் வரும். பில்லில் இல்லாத பேட்சைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு.

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முக்கிய பிராண்டுகளின் அட்டையிலோ பெட்டியிலோ கியூஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச், தயாரித்த தேதி, எக்ஸ்பயரி, உற்பத்தி உரிம எண் வர வேண்டும். வெறுமனே கம்பெனி விளம்பரப் பக்கம் திறந்தால் அது அந்தக் கோடு இல்லை. கியூஆரை அப்படியே நகலெடுக்கவும் முடியும். ஆகவே திரையில் வரும் பேட்ச், அட்டையில் உள்ள பேட்ச், பில்லில் உள்ள பேட்ச் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தள்ளுபடியை மொத்தமாகச் சந்தேகப்படுவதும் தப்பு. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்குச் சில்லறைக் கடையின் லாபம் 16 சதவீதம் என்று 2013-ம் ஆண்டு விலை ஆணை சொல்கிறது. அந்த வகை இன்சுலினை யாராவது பாதி விலைக்குத் தந்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழ வேண்டும். கம்பெனிப் பிரதிநிதி வராத சாதா ஜெனரிக் மாத்திரையில் அச்சிட்ட விலைக்கும் அடக்கவிலைக்கும் நடுவே இடைவெளி பெரிது; அங்கே 60 சதவீதம் குறைத்தாலும் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும். டாக்டர் சீட்டே கேட்காமல் ஆன்டிபயாடிக் அனுப்புகிறவரிடம் மட்டும் எந்த மருந்தும் வாங்க வேண்டாம். அந்த விதியை மீறுகிறவர் மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கும் விதியை மட்டும் மதிப்பார் என்று நம்ப ஒன்றுமில்லை.

குளிர்ச்சிதான் கொங்குப் பக்கத்தின் பெரிய பிரச்சினை. இன்சுலின், செமாகுளுடைடு போன்ற ஊசிகளைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். ஈரோடும் கரூரும் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும். பெங்களூரிலிருந்து சேலம் வரை இரவோடு இரவாக நன்றாகவே வந்துவிடும். கெடுவது கடைசி இருபது கிலோமீட்டரில்தான்: கூரியர் ஆபீஸின் தகர ஷெட், டெலிவரி பையனின் பைக், பிறகு "வெள்ளகோயில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கோங்க" என்ற போன்.

பெட்டியைப் பிரிக்கும்போதே ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை மருந்துப் பக்கத்தில் வைத்து மூடி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஜெல் பேக் உருகியிருந்தாலும் தொட்டால் சில்லென்று இருந்தால் பரவாயில்லை. வெதுவெதுப்பாக இருந்தால் வாங்க மறுத்துவிடலாம். நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு: கல்லாக உறைந்த ஜெல் பேக்கை மருந்துப் பெட்டியோடு ஒட்டி வைத்து அனுப்புவது. நடுவில் அட்டையோ பஞ்சோ இல்லாவிட்டால் இன்சுலின் உறைந்துவிடும். உருகிய பிறகு பார்த்தால் ஒன்றும் ஆகாதது போலிருக்கும். பால் நிற இன்சுலினை உள்ளங்கையில் மெதுவாக உருட்டிய பிறகும் திரிதிரியாக நின்றாலோ, கண்ணாடியில் பனி படிந்த மாதிரி ஒட்டியிருந்தாலோ போடக் கூடாது. தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும் அப்படியே. சூட்டில் வீரியம் இழந்ததும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நமக்கு இருக்கும் ஒரே குறிப்பு தெர்மாமீட்டர்தான். வெள்ளி, சனியில் ஆர்டர் போடாதீர்கள், ஞாயிறு முழுக்க குடோனில் கிடக்கும். ஆடிப்பெருக்கு, தீபாவளி, பொங்கல் வாரமும் அப்படித்தான். மார்ச் முதல் ஜூன் வரை ஊசி மருந்தை மட்டும் ஊரிலேயே, ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும் உள்ள மெடிக்கலில் வாங்குவதுதான் எங்கள் தீர்மானமான கருத்து. மிச்சமாகும் நூறு ரூபாய்க்கு ஆசைப்பட வேண்டாம்.

இனி ஜிம் வட்டாரத்தில் வாட்ஸ்அப் வழியாக ஓடும் பெப்டைட் (சிறு புரதத் துண்டு) ஊசிக் குப்பிகள். பிபிசி-157, டிபி-500 என்று லேபிளில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல". இவை இந்தியாவில் மருந்தாக அனுமதி பெற்றவை அல்ல. பிபிசி-157-ஐ உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022 முதல் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. கபடி, தடகளம் ஆடும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்பவர் காட்டும் அத்தாட்சி ஒரு பிடிஎஃப்: "தூய்மை 99 சதவீதம்". அந்த எண் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். திரவத்தைக் குழாய் வழி ஓட்டி, புற ஊதா ஒளியில் தெரியும் பொருள்களை வரைபடமாகப் போட்டால், அதில் முக்கியப் பொருளின் மேடு எத்தனை பங்கு என்ற கணக்கு அது. உப்பும் ஈரமும் அதில் தெரியாது. கிருமியின் உடல் நச்சும் தெரியாது. அதுதான் குளிரும் காய்ச்சலும் கொண்டுவரும். குப்பியில் 5 மில்லிகிராம் இருக்கிறதா, 2 இருக்கிறதா என்பதும் அந்தச் சதவீதத்தில் இல்லை. அடியில் வெள்ளையாகத் தெரியும் கட்டி பல நேரம் மானிட்டால் என்ற நிரப்பிதான். கட்டி பெரிதாக இருப்பதால் மருந்து கூடுதல் என்று ஆகாது. கிருமியின்மைச் சோதனைக்கு வழக்கமான முறையில் 14 நாள் வளர்த்துப் பார்க்க வேண்டும். தயாரித்து நாலு நாளில் "கிருமியற்றது" என்று அறிக்கை வந்தால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை. அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் தளத்தில் நாமே அடித்துப் பார்க்க வேண்டும், பிடிஎஃப்பில் உள்ள கியூஆரைத் தட்டி அல்ல. அது உண்மையாகவே இருந்தாலும், விற்பவர் தேர்ந்தெடுத்து அனுப்பிய குப்பியைப் பற்றியதுதான். பேட்ச் நம்பரே இல்லாத உங்கள் குப்பிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இத்தனை பார்த்த பிறகு இவற்றில் எதையும் உடம்பில் ஏற்றச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

உடல் எடை ஊசிகளிலும் போலி உண்டு. 2023-ல் ஆஸ்திரியாவில் போலி ஓசெம்பிக் (செமாகுளுடைடு ஊசியின் ஒரு பிராண்ட்) போட்டவர்கள் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனை போனார்கள். உள்ளே இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அங்குள்ள அதிகாரிகள் சந்தேகித்தார்கள். மூன்று போலி பேட்ச் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. சீட்டு இல்லாமல், பெட்டி இல்லாமல் தனி ஊசிப் பேனாவாக வருவதைத் தொடவே வேண்டாம்.

சந்தேகம் வந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்புக்கு ஏதாவது செய்தால் மருந்துப் பக்கவிளைவுக்கான 1800-180-3024-ல் பதிவு செய்யலாம். பணத் தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தே போலி என்றால் உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் கொடுங்கள். மூன்று இடத்திலும் முதலில் கேட்பது பேட்ச் நம்பர். அதனால் மாத்திரையை எடுக்கும்போது எண் இருக்கும் ஓரத்தைக் கடைசியாக வெட்டுங்கள். அட்டை தீர்ந்தாலும் அந்தத் துண்டைப் பில்லோடு சேர்த்து அடுத்த பார்சல் வரும்வரை வைத்திருங்கள்.