கப்பல் எவ்வளவு தூரம்? ஒற்றை ஹைட்ரோபோனா, இரண்டு ஜோடியா?

தரங்கம்பாடி, காரைக்கால் பக்கம் கடலுக்குள் ஹைட்ரோபோன் (நீருக்கடி மைக்) போட்டுக் கப்பல் சத்தம் கேட்பவன் நான். கப்பல் எங்கே என்று மட்டும் தெரிய, கப்பல்கள் தம் இருப்பிடத்தை ரேடியோவில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். முறையின் ரிசீவர் போதும்தான். ஆனால் அப்படி அறிவிக்கும் கருவி இல்லாத படகு அதில் தெரியாது. சத்தத்தை வைத்தே தூரம் பார்க்க இரண்டு வழி.

ஒன்று, ஒற்றை ஹைட்ரோபோன். செலவு குறைவு, ஃபைபர் படகிலிருந்து தொங்கவிட்டால் வேலை முடிந்தது. கப்பல் நெருங்குகிறதா விலகுகிறதா என்று சொல்லிவிடும். அதற்கு மேல் நம்ப முடியாது.

இரண்டாவது, கரையை ஒட்டி 3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஜோடி. ஜோடிக்குள் 30 மீட்டர். நம் கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகும். இரண்டு ஹைட்ரோபோனுக்கும் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் 20 மில்லி நொடி. அதிலிருந்து திசை கிடைக்கும். இரண்டு திசைக்கோடும் வெட்டும் இடத்தில் கப்பல். மேற்கே கரை என்பதால் முன்னா பின்னா என்ற குழப்பமும் இல்லை.

நான் இதற்கு மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: கப்பல் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று இதில் தெரிந்திருக்கவே வேண்டாம். ஒற்றை ஹைட்ரோபோனில் அது தெரிந்தாக வேண்டும். காதில் விழுவது பக்கத்துத் தெரு ரேடியோவா, அடுத்த ஊர்த் திருவிழா ஸ்பீக்கரா? சத்த அளவை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது? ஒரே கப்பலே சரக்கோடு ஒரு மாதிரி, காலியாக வேறு மாதிரி இரையும். ஆழ்கடலில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். நம் கரையோரம் போல ஆழம் குறைந்த இடத்தில் ஒலி அடைபட்டுப் பரவுவதால் அது 3 வரை இறங்கலாம். அப்போது கப்பலின் சத்தத்தை 6 டெசிபல் தப்பாக ஊகித்தால் 5 கிலோமீட்டர் 20 ஆகிவிடும். அடியிலுள்ள சேறு குடிக்கும் சத்தம் தனிக் கணக்கு.

குறை இல்லாமல் இல்லை. கப்பல் 20 கிலோமீட்டர் தாண்டினால் கோடுகள் ஏறக்குறைய இணையாகிவிடும். திசையில் 1 டிகிரி பிசகினாலே 2 கிலோமீட்டருக்கு மேல் தவறும். நங்கூரமிட்ட கப்பலில் ஜெனரேட்டரின் சீரான ரீங்காரம்தான் வரும். அதில் நேர வித்தியாசம் பிடிப்பது கஷ்டம். அப்புறம், இழுவலை கேபிளை அள்ளிக்கொண்டு போகும் ஆபத்து எப்போதும் உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் நான் அதிகம் போட்டதில்லை. கொள்ளிடத்து நன்னீர் கலந்தாலும் ஒலியின் வேகம் பெரிதாக மாறாது என்பது கணக்கு. அலை இரைச்சலில் கப்பல் கேட்குமா என்பதுதான் என் சந்தேகம்.