பிஈஏ இன்ஜெக்டர் கிளீனர்: மலைநாட்டு ஓட்டத்துக்குச் சரியா?

நேரடி இன்ஜெக்ஷன், அதாவது பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் காருக்கு, பிஈஏ (பொலிஈதரமின் என்ற கரி கழுவும் இரசாயனம்) கலந்த இந்தக் கிளீனரை வாங்கலாம். இன்ஜெக்டர் நுனியில் கரி படிந்தால் அதில் ஊறும் பெற்றோல் மஞ்சள் சுவாலையாக எரிந்து நுண்கரியைக் கக்கும். நுவரெலியாவின் காலைக் குளிரில், எஞ்ஜின் சூடேறும்வரை, துகள் இன்னும் அதிகம்.

தாங்கி வற்றியிருக்கும்போது போத்தலில் குறித்த அளவை ஊற்றி, பிறகு முழுதாகப் பெற்றோல் நிரப்புங்கள். டவுனுக்குள் சுற்றுவது போதாது. ரம்பொடை இறங்கிக் கம்பளை வரையாவது ஓட வேண்டும். ஒயில் மாற்றுவதற்குச் சற்று முன் பாவிப்பதே நல்லது, கழுவுண்ட அழுக்கில் கொஞ்சம் ஒயிலுக்குள் போகும்.

குறை ஒன்று: காற்றை உள்ளே விடும் உள்ளெடுப்பு வால்வில் படியும் கரியை இது தொடாது. அங்கே பெற்றோலே படுவதில்லையே! அதற்கு வால்நட் ஓட்டுத்தூள் பீச்சித்தான் ஆகவேண்டும். புகைப் பரிசோதனைச் சீட்டிலும் மாற்றம் தேடவேண்டாம். பெற்றோல் காருக்கு அங்கே பார்ப்பது காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும்தான்.