மயோனைஸில் காறல் வாடையைப் பிடிக்க எஸ்பிஎம்இ: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் உணவு ஆய்வகத்தில் மயோனைஸ், சாலட் டிரெஸ்ஸிங் மாதிரிகளுக்குப் பல ஆண்டுகளாக ஹெட்ஸ்பேஸ் எஸ்பிஎம்இ என்ற பிரித்தெடுப்பு முறையை, சேர்மங்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் கருவியோடு சேர்த்துப் பயன்படுத்துகிறோம். மாதிரி உள்ள சிறு கண்ணாடிக் குப்பியின் (வயல்) ரப்பர் மூடி (செப்டம்) வழியாக, பூச்சுள்ள மெல்லிய இழையான ஃபைபரை இறக்கினால், மாதிரிக்கு மேலுள்ள ஆவியிலிருந்து மணச் சேர்மங்களை அது பிடித்துக்கொள்ளும். கரைப்பான் வேண்டாம், எண்ணெயும் நீரும் கலந்த பால்மத்தை உடைத்து எண்ணெயைப் பிரிக்கவும் வேண்டாம். இதற்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

காறலுக்கு வழக்கமாகப் பார்க்கும் பெராக்சைடு மதிப்பு, அதாவது எண்ணெய் ஆக்சிஜனேற்றமடையும்போது முதலில் உண்டாகும் ஹைட்ரோபெராக்சைடுகளின் அளவு, ஏறும், பிறகு இறங்கும். ஹைட்ரோபெராக்சைடுகள் உடைந்து, காறல் வாடை தரும் ஆல்டிஹைடுகளாகிவிட்ட பழைய பாட்டிலும் அந்த எண்ணில் நல்லதாகத் தெரியலாம். ஆக்சிஜனேற்ற விளைபொருள்களை நிறத்தைக் கொண்டு அளக்கும் டிபிஏ சோதனை மலிவுதான், ஆனால் சர்க்கரை கலந்த டிரெஸ்ஸிங்கில் சர்க்கரையும் நிறம் கொடுத்துக் குழப்பும்.

சோயா எண்ணெய் மயோனைஸில் நான் முதலில் தேடுவது ஹெக்ஸனல் என்ற ஆல்டிஹைடு. லினோலெயிக் அமிலம் ஆக்சிஜனேற்றமடைந்து சிதையும்போது வருவது. அதை அளக்கும்போதுதான் பால்மம் நம்மைச் சோதிக்கும். ஹெக்ஸனல் எண்ணெயிலேயே தங்கிவிடும், ஆவிக்கு வருவது கொஞ்சம். அதனால் நீரில் தயாரித்த ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) வைத்துக் கணக்கிட்டால், உண்மையில் இருப்பதைவிட மிகக் குறைவாகக் காட்டும். 30% எண்ணெய் உள்ள டிரெஸ்ஸிங்கும் 75% எண்ணெய் உள்ள மயோனைஸும் ஒரே அளவு ஹெக்ஸனலுக்கு வெவ்வேறு பீக் (வரைபடத்தில் எழும் முகடு) தரும். அந்தந்த வகையின் புதிய மாதிரியிலேயே ஸ்டாண்டர்டைக் கலந்து, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஹெக்ஸனலை, மாதிரிக்குள்ளேயே வைக்கும் ஒப்பீடான இன்டர்னல் ஸ்டாண்டர்டாகச் சேர்த்தால்தான் எண்ணை நம்பிக் கையெழுத்திடுவேன்.

வெப்பநிலை இன்னொரு கண்ணி. 60 டிகிரியில் பீக்குகள் அழகாக உயரும். ஆனால் வயலுக்குள்ளேயே ஹைட்ரோபெராக்சைடுகள் உடைந்து, புதிய மாதிரியைக்கூடக் கெட்டதாகக் காட்டிவிடும். உணர்திறன் குறைந்தாலும் நாங்கள் 40 டிகிரியைத் தாண்டுவதில்லை.

ஃபைபர் விலை கூடியது, மென்மையானது. 20 மில்லி வயலில் 2 கிராமுக்கு மேல் வைக்காதீர்கள். மயோனைஸ் முனையில் ஒட்டிவிட்டால் ஃபைபர் போனதுதான். எம்எஸ்ஸில் 207, 281 நிறைகள் பெருகத் தொடங்கினால் அது ஃபைபர் பூச்சு, செப்டம் போன்றவற்றிலிருந்து கசியும் சிலாக்சேன். ஃபைபரையும் செப்டத்தையும் உடனே பாருங்கள்.

மீன் எண்ணெய் சேர்த்த மயோனைஸில் மட்டும் பீக்கின் உயரத்தை நம்பி முடிவெடுக்க மாட்டேன். முட்டை மஞ்சளின் பாஸ்விட்டின் என்ற புரதத்திலிருந்து அமிலத்தில் இரும்பு விடுபட்டு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். ஒமேகா-3 வேகமாகச் சிதையும். அதில் பிறக்கும் 2,6-நோனாடையீனல் மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்கு எட்டும், ஜிசி தரும் வரைபடமான குரோமட்டோகிராமிலோ இரைச்சலுக்குள் மறைந்திருக்கும். அத்தகைய மாதிரிகளை ஜிசி-யில் பிரிந்து வரும் மணத்தை முகரும் ஸ்னிஃப் போர்ட்டில் மூக்கு வைத்துப் பார்த்த பிறகே அறிக்கை எழுதுகிறோம்.