கானாவில் கடற்கரை ரிசார்ட் மனை: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கானாவில் அடா ஃபோவா பக்கம் 'சுற்றுலா முதலீட்டு மனை' என்று ஒரு விளம்பரம் நம் தமிழ் வாட்ஸாப் குழுக்களில் சுற்றுகிறது. வோல்டா ஆறு கடலில் கலக்கும் இடத்தின் படம், தென்னை மரங்கள், படகு, மரக்குடில்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்த மனையை விற்றவர்களிடம் நானும் என் மச்சானும் 18,000 டாலரைப் பறிகொடுத்திருக்கிறோம். அடுத்த குடும்பம் அவர்களிடம் சிக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கானாவின் தெமா துறைமுக நகரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மச்சானும் இங்கேதான் இருக்கிறார். தலைநகர் அக்ராவில் அலுவலகம் வைத்திருந்த ஒரு முதலீட்டு ஆலோசனை நிறுவனம் எங்களை அணுகியது. பேச வந்தவர் தமிழர். ஊர், படித்த கல்லூரி எல்லாம் விசாரித்து, அண்ணே என்று கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதில் பாதி உண்மையாக இருந்ததால்தான் மீதியும் உண்மை போலத் தெரிந்தது. முதல் ஆப்பிரிக்க அடிமைகள் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இறக்கப்பட்டு 400 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, அவர்கள் வம்சாவளியினரை அழைக்கும் விதமாக 2019ஐத் 'திரும்பி வரும் ஆண்டு' என்று கானா அறிவித்தது. அந்த ஆண்டு 11 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். இன்றும் டிசம்பர் மாதம் அக்ராவில் நல்ல அறை கிடைப்பது கஷ்டம். 1482இல் போர்ச்சுகீசியர் கட்டிய எல்மினா கோட்டையையும், ககும் காட்டின் தொங்குபாலத்தையும் பார்க்கக் கூட்டம் வந்துகொண்டேதான் இருக்கிறது. வார இறுதியில் அடாவுக்குப் போய் ஆற்றில் படகு விடும் அக்ராவாசிகளும் நிறைய.

அதற்கு மேல் அவர் சொன்னவைதான் பொய். அந்த இடத்தை அரசே சுற்றுலாப் பகுதியாக எடுத்துக்கொண்டதாம். மனை நம் பெயரிலேயே நிரந்தர உரிமையாகப் பதிவாகுமாம். வக்கீல், சர்வேயர் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். பணத்தை மட்டும் டாலரில், ரொக்கமாகத் தரவேண்டும். வெளிநாட்டு நாணயத்தில் விலை வைப்பதற்கே மத்திய வங்கியின் அனுமதி தேவைப்படும் நாடு இது. ரொக்க டாலர் கேட்பவர் ரசீதில் என்ன எழுதித் தருகிறார் என்று கவனியுங்கள். எங்களுக்கு வந்த ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்றுதான் இருந்தது.

2024 ஆகஸ்டில், அடாவில் அசஃபோதூஃபியாமி திருவிழா நடக்கும் வாரத்தில், வேலி போடுவதற்காக ஆட்களைக் கூட்டிப் போனோம். முதல் குழி தோண்டுவதற்குள் நாலைந்து இளைஞர்கள் வந்து நின்று 'தோண்டும் கட்டணம்' கேட்டார்கள். லேண்ட் கார்டு (நிலக் காவலர்) என்று இங்கே சொல்வது இவர்களைத்தான். நிலத்துக்குக் காவல் என்ற பெயரில் பணம் பிடுங்குவது 2020ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம், ஆனால் வயல்வெளியில் அதை யார் பார்க்கிறார்கள்? பேச்சு முற்றிய நேரத்தில் அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் எங்களைத் தன் குலத்து மூத்தவர்களிடம் அழைத்துப் போனார். உட்காரவைத்து, முதலில் தண்ணீர் கொடுத்து, அதன் பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்டார்கள். பத்திரத்தைக் காட்டினோம். கையெழுத்துப் போட்டவர் அவர்கள் குலத்து ஆள்தான். ஆனால் குடும்பத் தலைவர் இல்லை. தலைவரும் முக்கிய உறுப்பினர்களும் சம்மதிக்காமல் அந்த நிலத்தை யாருக்கும் கொடுக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார்கள். அந்த நிறுவனத்தின் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

கானா நிலத்தில் சுமார் 80 சதவீதம் இப்படி மரபுவழி உரிமையில்தான் இருக்கிறது. பாரம்பரியத் தலைவரின் ஆசனத்துக்கு உரிய நிலம், குலத்து நிலம், குடும்ப நிலம் என்று பல வகை. ஆசன நிலம் என்றால் அரசின் நிலங்கள் ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். எங்களை உண்மையிலேயே அதிரவைத்தது இன்னொன்று. 1992 அரசியலமைப்பின் 266ஆம் பிரிவுப்படி, கானா குடிமகன் அல்லாத யாருக்கும் நிரந்தர நில உரிமை கிடையாது. அதிகபட்சம் 50 ஆண்டுக் குத்தகைதான். அதை மீறி எழுதும் ஒப்பந்தம் செல்லவே செல்லாது. அதாவது, சரியான குடும்பத் தலைவரே கையெழுத்துப் போட்டிருந்தாலும் எங்கள் பத்திரம் வெறும் காகிதம். இந்த நாட்டில் தொழில் நடத்தும் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

அப்புறம் நிலங்கள் ஆணையத்தில் நாங்களே தேடல் விண்ணப்பம் போட்டோம். நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பது போன்ற வேலைதான் அது, கட்டணமும் பெரிதில்லை. எங்கள் வரைபடத்துக்குள் வரும் நிலத்தில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் குத்தகையாகப் பதிவாகியிருந்தது. எங்கள் பத்திரத்தில் இருந்த பதிவு எண் அங்கே எந்த ஆவணத்துக்கும் பொருந்தவில்லை.

ரிசார்ட் நடத்த 20,000 டாலர் மூலதனம் போதும் என்றும் சொல்லியிருந்தார்கள். அப்போது நடைமுறையில் இருந்த 2013ஆம் ஆண்டு முதலீட்டு ஊக்குவிப்பு மையச் சட்டப்படி, முழுக்க வெளிநாட்டவர் நிறுவனம் என்றால் குறைந்தது 5 லட்சம் டாலர் முதலீடு காட்டவேண்டும். 10 சதவீதமாவது வைத்திருக்கும் கானா பங்குதாரரோடு சேர்ந்தால் 2 லட்சம். தங்கும் விடுதிக்குக் கானா சுற்றுலா ஆணையத்தின் உரிமம் தனி. விளம்பரத் தாளில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடலைப் பற்றியும் அவர்கள் வாய் திறக்கவில்லை. 1965இல் அகோசோம்போ அணை வந்ததிலிருந்து வோல்டா கொண்டுவரும் மணல் வெகுவாகக் குறைந்துபோனது. அடாவிலிருந்து கேட்டா நகரம் வரை கரை அரித்துக்கொண்டே போகிறது, கடலுக்கு வீடுகளை இழந்த ஊர்கள் இருக்கின்றன. அடாவில் கல் தடுப்புச் சுவர்கள் போட்டிருப்பதே அதனால்தான். 2023 செப்டம்பர், அக்டோபரில் அதே அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டபோது கீழ் வோல்டாவில் பல ஆயிரம் பேர் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. மேபே ஊர் மூழ்கிக் கிடந்த படங்களை உலகமே பார்த்தது. அடுத்த சில மாதங்களில் எங்களிடம் ஆற்றோர மனையை விற்கும்போது அந்த மனிதருக்கு இது நினைவில் இல்லாமலா இருந்திருக்கும்?

பணத்தைத் திரும்பக் கேட்டோம். முதலில் வேறு மனை தருகிறோம் என்றார்கள், பிறகு ஒரு காசோலை தந்தார்கள், அது திரும்பி வந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 'ஆலோசனைக் கட்டணம்' என்ற அந்த ரசீதைத்தான் அவர்கள் வக்கீல் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு 'ஆப்பிரிக்கா என்றாலே இப்படித்தான்' என்று யாரும் எழுதவேண்டாம், அது எனக்கு வேதனையாக இருக்கும். எங்களுக்கு நேர்மையாக உண்மையைச் சொன்னவர்கள் அடாவின் அந்த மூத்தவர்கள். அவர்களில் ஒருவர் சாட்சி சொல்லவும் வருகிறேன் என்கிறார். கானாவில் முறையாகக் குத்தகை எடுத்து நன்றாக விடுதி நடத்தும் வெளிநாட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

அதே ஆட்கள் இப்போது நிறுவனத்தின் பெயரை மாற்றிக்கொண்டு, கானாவின் மேற்குப் பகுதிக் கடற்கரையில் அலைச்சறுக்குக்குப் பெயர்போன புசுவா பக்கம் மனை காட்டுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். விளம்பரம் உங்களுக்கு வந்தால் அந்த மனையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய வக்கீலை விட்டுவிட்டு நீங்களே வைத்த வக்கீல் மூலம் நிலங்கள் ஆணையத்தில் தேடச் சொல்லுங்கள். வரைபடம் தர மறுத்தாலோ, நிரந்தர உரிமை என்ற வார்த்தை வந்தாலோ அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், எங்கள் புகாரோடு உங்கள் புகாரையும் சேர்க்கலாம்.