ஓடும்போது குதிகாலா, முன்பாதமா?

நடக்கும்போது குழப்பமே இல்லை, குதிகால்தான் முதலில் தரையைத் தொடும். ஓட ஆரம்பித்தால்தான் சண்டை. குதிகாலை முதலில் ஊன்றி ஓடினால் முழங்காலுக்குச் சுமை அதிகம். முன்பாதத்தில் இறங்கினால் முழங்கால் கொஞ்சம் தப்பிக்கிறது, ஆனால் அந்தச் சுமை கெண்டைக்காலுக்கும், குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி விறைத்து நிற்கும் அக்கிலிஸ் தசைநாணுக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கென்யாவில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள் என்று 2010-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் டேனியல் லீபர்மன் குழு எழுதியதும் பலர் ஒரே நாளில் மாறப் பார்த்தார்கள். பிற்பாடு நானும்தான். மூன்றாம் நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாகத்தான் இறங்கினேன். முழங்கால் வலிப்பவர்கள் முன்பாதத்தை மெதுவாகப் பழகிப் பார்க்கலாம்; குதிகாலுக்கு மேலே ஏற்கெனவே இழுத்துப் பிடிக்கிறதென்றால், சரி, குதிகாலிலேயே ஓடுங்கள், எட்டு மட்டும் சின்னதாக வையுங்கள்.